மீட்டரில் பூஜ்யம்

அந்த வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. பேய் வீடு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் கதவு திறந்ததும் ஈரமும் பழைய ரப்பரும் கலந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். பதினைந்து வருடம் ஊரார் எலும்பையெல்லாம் பார்த்து அலுத்துப்போய், ஆறு மாத விடுப்பு வாங்கிக்கொண்டு, நான்கு நாடுகளைத் தன்னந்தனியாகச் சைக்கிளில் கடக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வரைபடம், விசா, எந்த எல்லையை எந்த மாதம் தாண்டுவது என்பது வரை எல்லாம் தயார். அவ்வளவு தூரம் தாங்குகிற சைக்கிள்தான் பாக்கி. விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்ட ஒன்றை வாங்கத்தான் இங்கே வந்திருந்தாள்.

வீட்டுக்காரம்மா உள்ளறையிலிருந்து ஒரு கறுப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நல்ல எஃகு. ஒரு கீறல்கூட இல்லை.

"உங்க வீட்டுக்காரரோடதாம்மா?"

"ஆமா. ஒன்பது நாடு சுத்திட்டு வந்தாரு. வீட்டுக்கு இன்னும் நாப்பது கிலோமீட்டர்தான் பாக்கி. லாரி அவர் ரெண்டு கால் மேலயும் ஏறிடுச்சு. அங்கயே உயிர் போயிடுச்சு. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல."

கைப்பிடியில் தூரம் காட்டும் சின்ன மீட்டர் இருந்தது. 18,460 என்று காட்டியது.

"இதை மட்டும் அழிச்சிடாதீங்கம்மா. அவர் வந்த தூரம் அப்படியே இருக்கட்டும்."

"சரிங்கம்மா" என்று தலையாட்டினாள். இந்த மாதிரித் தலையாட்டலுக்கு ஆயுசு எவ்வளவு என்று நமக்குத் தெரியாதா? கூடவே அவருடைய சைக்கிள் காலணிகளையும் அந்த அம்மா பையில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு காலை அவள் வீட்டுக்குத் தம்பி வந்தான். உயரமான கட்டிடங்களுக்கு ஏணி போட்டுப் பெயின்ட் அடிப்பவன். அவன் பிழைப்பு அவன் கால்களில்தான் இருந்தது. அக்கா தனியாகப் போவதில் அவனுக்குத் துளியும் இஷ்டமில்லை. திட்டிக்கொண்டேதான் எல்லா வேலையும் செய்தான்.

"நாலு நாடு! முக்குக் கடைக்குப் போகவே உனக்கு ஆட்டோ வேணும்."

"வாயை மூடிட்டு அந்த ஸ்டாண்டைப் பிடிடா."

பின்சக்கரம் தரையில் படாதபடி சைக்கிளை இரும்பு ஸ்டாண்டில் மாட்டினார்கள். அவள் குனிந்து மீட்டரைத் துடைத்தாள். தூரப் பயணம் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பயணத்துக்கு மீட்டரைப் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அவளுடைய விரல் தன் பாட்டுக்குப் பொத்தானை அழுத்தியது. எண்கள் மறைந்த பிறகுதான் அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சரி, வெறும் எண்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

சீட்டின் உயரம் சரியா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இருவரும் ஒரே உயரம் என்பதால் தம்பியை ஏறச் சொன்னாள். பையிலிருந்த காலணிகள் அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தின. அவை பெடலில் பூட்டிக்கொள்ளும் வகை. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும்.

டக். டக். இரண்டும் பூட்டிக்கொண்டன.

அவன் மெதுவாக மிதித்தான். சங்கிலி கிர்ரென்று ஓடியது. அறையில் அந்த ஈர ரப்பர் வாடை எழுந்தது.

"போதும், நிறுத்துடா."

"நான் மிதிக்கலக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த சுற்றில் சிரிப்பு போய்விட்டது.

பெடல்கள் வேகமெடுத்தன.

"அக்கா, கால் வரல. பிடிச்சு இழுக்குதுக்கா!"

அவன் முழங்கால்கள் மார்பில் மோதின. எதிரே இருந்த அலமாரியில் தலை இடித்து நெற்றி கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் சங்கிலியைக் கையால் பிடித்தாள். அது அவள் ஆள்காட்டி விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. சுத்தியலை எடுத்துப் பெடலில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒரு அடி குறி தப்பித் தம்பியின் பாதத்தில் விழுந்தது. அவன் அலறினான். சைக்கிள் நிற்கவில்லை.

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

2. 3. 5.

கத்தியால் இடது காலணியின் பட்டைகளை அறுத்தாள். அவன் பாதத்தின் தோலும் சேர்ந்து அறுந்தது. அந்தக் கால் வெளியே வந்தது. வலது கால் எட்டவில்லை. கீழே வரும்போது அவன் கெண்டைக்காலை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, உடம்பின் முழு பாரத்தையும் போட்டு வெளிப்பக்கம் திருப்பினாள்.

எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

பிறகுதான் பெடல் விட்டது. தம்பி தரையில் சரிந்தான். அவன் காலை உடைத்தது அவள்தான். பெற்ற தாய்க்குப் பிறகு அவனைத் தூக்கி வளர்த்த கைகளால் உடைத்தாள்.

தான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் வாசலில் நின்று அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்தாள்.

"மீட்டரை அழிச்சிட்டேம்மா."

மறுமுனையில் அந்த அம்மா போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்போ அவர் முதல்லேர்ந்து ஓட்டணும்" என்றார் பிறகு, கிசுகிசுப்பாக. "அதுக்குக் கால் வேணும்லம்மா. அவருக்குத்தான் இல்லையே."

தம்பியை வேறு யாரும் தொட அவள் விடவில்லை. தானே மேசையில் படுக்க வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் படமெடுத்தாள். திரையில் கால் வெள்ளையாகத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல் எலும்புகள் இறுகியிருந்தன.

அவள் எட்டிப் பார்த்தாள். மேசையில் தம்பியைத் தவிர யாருமில்லை. மேசைக்கு ஓடிப் போய்க் கருவியை இடது காலுக்கு நகர்த்தினாள்.

"அக்கா, அது உடையாத கால்தானே? அதை ஏன் எடுக்கிற?"

அவள் மறுபடி கண்ணாடிக்குப் பின்னால் போனாள். பொத்தானை அழுத்தினாள்.

அந்தக் காலில் இன்னொரு கை இருந்தது.

"அக்கா..." என்றான் தம்பி.

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மேசையில் படுத்தபடியே அவன் கால்கள் மெதுவாக மடங்கி நீள ஆரம்பித்திருந்தன. ஒன்று மாற்றி ஒன்று, முறிந்த காலும் சேர்த்து.