அந்த அறையில் இன்னும் மூன்று பேர்

அன்று காலை கம்பெனி வேன் மாரித்தாய் வீட்டு முன்னால் நிற்காமலேயே போனது. தூக்குவாளியோடு தெருவில் நின்றவள், "ஏப்பா, நிப்பாட்டு" என்று கையை ஆட்டியபடி கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தாள். வேனுக்குள் இருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பின்னாலேயே போர்மேன் ராக்கப்பன் பைக்கில் வந்து இறங்கினார்.

"மாரித்தாயக்கா, கோவிச்சுக்கிடாதீக. இனிமே வேலைக்கு வர வேண்டாம். ஒங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு சொல்றாக. வெடி ஆபீசுல எப்படி வச்சுக்கிட முடியும்?"

"யாரு சொன்னது?"

ராக்கப்பன் வீட்டு வாசலைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மருமகள் பானுப்பிரியாதான் வாய் திறந்தாள்.

"நாந்தான் அத்தை சொன்னேன்."

புருஷன் செத்த மறுமாதம் பட்டாசு செய்யும் வெடி ஆபீசுக்குள் நுழைந்தவள் மாரித்தாய். திரி சொருகியே மகனை ஆளாக்கினாள். முழுக்கக் கான்ட்ராக்ட் வேலை. பி.எப். கிடையாது, பென்ஷன் கிடையாது. வேலை நின்றால் கையில் காசும் நின்றுவிடும். அறுபதை நெருங்க நெருங்க அந்தப் பயம் ஒன்றுதான் அவளை விடிகாலையில் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

"நான் சம்பாதிக்கிற வரைக்குந்தான் இந்த வீட்டுல எனக்குப் பேச்சு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா. அதான் வேரோட அறுத்துட்டா," என்று மகனிடம் குமுறினாள்.

லோடு ஏற்றப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த மாரிக்கண்ணன் மனைவி பக்கம் திரும்பினான். "எங்கம்மா பிழைப்புல கைவைக்க நீ யாரு? ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டியா? அம்மா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு."

பானுப்பிரியா விழவில்லை. காரணமும் சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்ட அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மாரித்தாய் மருமகளோடு பேசுவதை நிறுத்தினாள். பானுப்பிரியா தட்டு வைத்தால், "உழைக்காத சோறு எனக்கு எதுக்கு?" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். மாரிக்கண்ணனும் மனைவியிடம் முகம் கொடுக்கவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பேத்தி எழில் மட்டும் ஒன்றும் புரியாமல் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் மாரித்தாய் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் பானுப்பிரியா அடுத்த பஸ்ஸில் போனாள். வேலை தேடி நாரணாபுரத்துக்குத்தான் போயிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

நாரணாபுரத்தில் ஒரு சின்ன வெடி ஆபீஸ். கேட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு போர்மேன் வெடிமருந்தில்லாத வெற்றுக் குழாயையும் திரியையும் மாரித்தாயிடம் கொடுத்து, "சொருகிக் காட்டுங்க," என்றார். மாரித்தாய் குனிந்தாள். திரி குழாயின் விளிம்பில் முட்டியது. மறுபடியும் முட்டியது. விரலால் துளையைத் தடவித் தடவித் தேடினாள். பக்கத்தில் நின்ற பெண் அவள் கையிலிருந்து குழாயை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

திரும்பியபோது கேட்டருகே யாரோ நிற்பது மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் போன பிறகுதான் மருமகள் என்று தெரிந்தது.

பஸ் ஸ்டாப்பில் மாரித்தாய் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தீபாவளி சீசன்லயே. அரிசியில கல்லு பொறுக்காம எழில்கிட்டக் குடுத்தீக. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்ல."

"மூணு தடவ சொன்னேன். கண்ணாஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். எனக்கு ஒண்ணுமில்லைன்னுட்டீக." பானுப்பிரியா மாமியார் பக்கம் திரும்பினாள். "எங்க அக்கா வேலை பாத்த வெடி ஆபீசு ரூம்லயும் நாலு பேருதான் அத்தை. தப்பு பண்ணுனது அவ இல்ல. வேற ஒருத்தர் கை தவறி மருந்து வெடிச்சிருச்சு. எங்கக்கா கரிக்கட்டையா வந்தா. நான் ஒங்களுக்காக மட்டும் சொல்லல. அந்த ரூம்ல ஒங்களோட இருக்குற மத்த மூணு பேருக்கும் சேத்துத்தான் சொன்னேன்."

மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அந்த மூன்று பேரைத் தெரியும். ஒருத்திக்குக் கைக்குழந்தை.

"எனக்கு வேற வழி என்ன தாயி? வெத்தலைக்குக்கூட உங்ககிட்டக் கையேந்தணுமே."

"ஏந்த வேண்டாம். காலண்டர் பைண்டிங்ல எனக்கு வேலை பேசிருக்கேன். நீங்க எழிலப் பாத்துக்கிட்டாத்தான் நான் போக முடியும். அப்ப என் சம்பளத்துல பாதி ஒங்களோடதுதான?"

"பேத்தியப் பாக்கக் கூலியா?"

"கூலி இல்ல. நம்ம ரெண்டு பேரு உழைப்பு. ஒங்க பங்கு ஒங்க கையில. எதுக்குச் செலவு பண்ணுனீகன்னு யாரும் கேக்க மாட்டோம்."

வீட்டு வாசலில் மாரிக்கண்ணன் கோபத்தோடு நின்றான். மனைவியைப் பார்த்து வாயெடுக்கும் முன்னே மாரித்தாய் தடுத்தாள்.

"ஏலே, அவள ஒண்ணும் சொல்லாத. எனக்குக் கண்ணு தெரியல. ஒரு வருசமா மறைச்சு மறைச்சுத்தான் வேலைக்குப் போனேன். அவ சொன்னது அம்புட்டும் நெசம். மன்னிப்புக் கேக்க வேண்டியது நாந்தான்லே. நீயும்தான்."

மாரிக்கண்ணன் மனைவியைப் பார்த்தான். "என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே பானு."

"சொன்னா நீங்க அத்தைகிட்டக் கேப்பீக. அவுக இல்லைம்பாக. நீங்க அதத்தான் நம்புவீக."

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை பானுப்பிரியாவுக்கு அப்போதுதான் வெடித்தது. மாரித்தாய் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தித் தன் கண்ணுக்குக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு கிட்டே வந்த பிறகுதான் அந்த முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.