கூடு தேடும் கயிறு

கயிறு வளையாமல் போய்க்கொண்டிருந்தது. அதுதான் லூதருக்கு உறுத்தியது.

ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புல்மேல் இழுத்துப் போனால், தரையில் அடைகாக்கிற உள்ளான் பறவை கயிறு பட்டதும் எழும்பும், அங்கே கூடு. அலாஸ்காவின் வடகோடி ஊரான உட்கியாக்விக்கைச் சேர்ந்த லூதருக்கு இது இருபதாவது கோடை. மறுமுனைக்கு வாய்த்தவனோ பல்கலைக்கழகத்து மேதாவி கெண்டல். ஊர்ப் பண்டமான திமிங்கலத் தோலைத் தின்னக் கொடுத்தால் வாந்தி எடுப்பான். பத்தடிக்கு ஒரு பள்ளத்தில் விழுவான். ஆண் உள்ளான் நெஞ்சை ஊதிக்கொண்டு பெட்டையைச் சுற்றி முனகினால், அதைக் காவியமாகக் குறிப்பேட்டில் எழுதுவான்.

"காவியமாவது மண்ணாவது! சோலி முடிஞ்சதும் ஓடிப்போற பய அது" என்று லூதர் காறித் துப்பியிருந்தான்.

மதியம் கடலிலிருந்து மூடுபனி ஏறியபோது கெண்டல் கத்தினான். "அண்ணே, ஒண்ணுமே தெரியல. நிறுத்திக்கலாமா?"

"ஏன் டாக்டரே, அம்மா தேடுவாங்களா? வாயை மூடிட்டு இழு!"

அதற்கப்புறம் குரலே இல்லை. வெள்ளைப் பனிக்குள் கயிறு மட்டும் விறைப்பாக நீண்டு, ஈரப்பாசியைச் சரசரவென்று தடவியபடி, உப்பும் மக்கிய புல்லும் நாறுகிற காற்றில், ஒரே வேகத்தில் ஒரு மணி நேரமாக நகர்ந்தது. ஒரு பறவைகூட எழும்பவில்லை. உறுத்தலை உதறிவிட்டு, பரவாயில்லை, தண்டம் இப்பவாவது நடக்கக் கற்றுக்கொண்டதே என்று நினைத்தான்.

முதுகுக்குப் பின்னால் யாரோ ஓடிவந்தார்கள். கெண்டல். மூச்சு வாங்கியது.

"எவ்வளவு நேரமா கூப்பிட்டுக்கிட்டே உங்க தடத்தைப் பிடிச்சு ஓடி வர்றேன்! நீங்க திட்டினதும் கயித்தைப் போட்டுட்டு உக்காந்துட்டேன். யார்கூட அண்ணே இழுத்துட்டுப் போறீங்க?"

லூதர் கயிற்றைச் சுண்டினான். அந்தப் பக்கமும் சுண்டியது.

கையை விட்டான். முனை கீழே விழவில்லை. இடுப்பு உயரத்தில் நின்றது. பிறகு பனிக்குள் நகர்ந்து போனது.

லூதர் கெண்டலின் தோளைப் பிடித்து இழுத்தான். இந்தப் பயலை முகாமுக்கு உயிரோடு கொண்டு சேர்க்க வேண்டியவன் அவன்தான்.

"படுடா. அசையாதே."

படுத்தார்கள். சரசரப்பு திரும்பியது. நெருங்கியது.

கயிறு கெண்டலின் பிடரியில் பட்டது. அலறிக்கொண்டு எழுந்து ஓடினான்.

கயிறு நின்றது.

எழும்பிய பறவையை யாரும் துரத்துவதில்லை. எழும்பிய இடத்தைத்தான் பார்க்க வருவார்கள்.

இரண்டு முனையிலிருந்தும், லூதர் இன்னும் படுத்திருந்த இடத்தை நோக்கி, பாசி அமுங்கும் சத்தம். அவசரமே இல்லாமல்.