தன் தலைமுடியால் தைத்தது

ஊசியில் கோத்த முடி காலையிலிருந்து தீரவில்லை.

ஒரு முழ முடி, பட்டில் தைக்கும் கருணைத் தேவி குவான்யினின் ஒரு புருவத்துக்கே காணாது. இப்போதோ இரண்டு புருவமும் முடிந்து, கொண்டையும் பாதி ஏறிவிட்டது. சூயுன் வெட்டிப் பார்த்தாள். கத்தரிதான் மழுங்கியது. சூச்சௌ நகரத்துப் பிளம் பழப் பருவ மழை ஓட்டின் மேல் விடாமல் பெய்ய, பட்டிலும் சுவரிலும் பூஞ்சை வாசம். அதற்கடியில் மெல்ல ஊறிவந்தது மல்லிகை எண்ணெய் வாசம்.

இந்த முடிக்குச் சொந்தக்காரி சமையற்கட்டு வேலைக்காரி. அவள் எண்ணெயைக் கண்டதேயில்லை.

மாமியார் நோய் தீரத் தன் முடியாலேயே தேவியைத் தைப்பதாக ஊரறிய நேர்ந்துகொண்டவள் அதிகாரியின் மனைவி ஷென் அம்மாள். பக்தி பொங்கியது; முடிதான் வர மறுத்தது. வேலைக்காரியின் தலையை மழித்து அனுப்பிவிட்டாள். கூலிக்குத் தைக்க வந்த சூயுனுக்கோ படம் முடிந்தால்தான் ஊருக்குப் போக முடியும். அங்கே மகளுக்குப் பிரசவ நேரம்.

"தேவி முகம் முடியாம பேரு தைக்கிற வழக்கம் இல்லீங்கம்மா" என்று, அம்மாள் தன் பேரைத் தைக்கச் சொன்ன அன்றே சூயுன் சொன்னாள்.

"தேவிக்கு என்னடி அவசரம்? நாளைக்கு விருந்தாளி வர்றாங்க. பேரைத் தை."

தைத்தாள்: 'பக்தை ஷென், தன் தலைமுடியைப் பறித்துத் தைத்தது.'

உதட்டுக்குச் சிவப்புப் பட்டு நூல் கேட்டாள். இன்னும் வரவில்லை.

அறையை இரண்டாய்ப் பிரித்த மறைப்புக்கு அப்பாலிருந்து அம்மாளின் குரல் வந்தது. "யாருடி என் தலையில கை வைக்கிறது?"

"யாரும் இல்லீங்கம்மா."

"அப்புறம் ஏன் இப்படிச் சுண்டுது? நீ இன்னும் முடிக்கலையா? உன் ஊசிக்கு வாதமா?"

எரிச்சலில் சூயுன் வெடுக்கென்று இழுத்தாள். அப்பால் ஒரு முனகல்.

மறுபடி இழுத்தாள். முனகல்.

பட்டை விரித்துக் கட்டிய தையல் சட்டத்துக்கு அடியில் குனிந்து பார்த்தாள். முடியின் வால் தொங்கவில்லை. தரையோடு விறைத்து ஓடி, மறைப்பின் கீழ் நுழைந்திருந்தது.

நிறுத்தலாம். நிறுத்தினால் ஊர் இல்லை. மகள் இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இம்முறை அலறல். ஊசியை விட்டாள்.

ஊசி விழவில்லை.

தானே கீழிறங்கியது. தானே மேலேறியது. அலறல் தேய்ந்தது. மறைப்புக்கு அப்பால் எதுவோ கனமாய்ச் சரிந்து, தரையில் உராய்ந்துகொண்டே இந்தப் பக்கம் வந்தது.

கொண்டை முடிந்தது. முடி ஈரமாய் வரத் தொடங்கியது.

ஊசி தேவியின் உதட்டுக்கு நகர்ந்தது. சிவப்பாய், நிதானமாய், பிசிறில்லாமல், உதடு நிரம்பத் தொடங்கியது.