பதின்மூன்று ஏழைகள்

முத்துத்துறைக் கம்யூனில் ஏழைகளைத் தேடி மூன்று நாளாக அலைந்தாள் செலஸ்தீனா. ஒருவர்கூட அகப்படவில்லை. எப்படி அகப்படுவார்கள்? அங்கே எல்லோர் மணிக்கட்டிலும் தேவைமானி பதிந்திருந்தது. உடம்பின் குறையையும் மனத்தின் தவிப்பையும் அது அளக்கும். வேண்டியது வேண்டிய அளவில், கேட்கும் முன்பே பொதுக்கிடங்கிலிருந்து வந்து சேரும். தன்னுடையது என்று சொல்ல ஒரு படி அரிசி யாரிடமும் கிடையாது.

மகள் அமலி காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது செலஸ்தீனா புனித அந்தோணியாரிடம் நேர்ந்திருந்தாள்: பிள்ளை பிழைத்தால் பதின்மூன்று ஏழைகளுக்கு என் கையால் அசனச் சோறு போடுவேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சொன்ன வாக்கை நிறைவேற்றாவிட்டால் மறுபடி என்ன ஆகுமோ என்று பெற்றவள் பயந்தாள்.

கம்யூன் செயலாளர் அவளுடைய அண்ணன் ரெமிஜியுஸ்தான். ஞாயிறு மாலை அவனிடமே போனாள்.

"ஏட்டி, பசிய ஒழிச்சி முப்பது வருசமாச்சு. ஒன் புண்ணியத்துக்கு இப்ப ஏழைக்கு நான் எங்க போவேன்?" என்று சிரித்தான்.

"ஆதித் திருச்சபையில எல்லாத்தையும் பொதுவுல வச்சாங்கன்னு நீங்கதான அண்ணே சொல்லுவீங்க?"

"ஆமா. அதத்தான் நாங்க செஞ்சி முடிச்சிட்டோம்."

"அவங்க மனசு வந்து கொண்டாந்து வச்சாங்க. எங்கிட்ட வைக்கிறதுக்கே ஒண்ணுமில்லையே!"

ரெமிஜியுஸுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

செவ்வாய் காலை அவள் வாசலில் அரிசி, பருப்பு, கத்தரிக்காய் எல்லாம் வந்து இறங்கின. மூட்டையின் மேல் 'செலஸ்தீனாவுக்குச் சொந்தம்' என்று அச்சடித்திருந்தது. அந்தோணியாரே இரங்கிவிட்டார் என்று கண்ணீரோடு உலை வைத்தாள்.

மதியம் பதின்மூன்று பேர் தள்ளாடி வந்தார்கள். திங்கள் காலையிலிருந்து அவர்களுக்கு மட்டும் பங்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால், அளந்து வருகிற ஊரில் யாரிடம் ஒரு கவளம் மிஞ்சும்? சாப்பாடு இங்கே இருக்கிறதென்று தேவைமானிதான் வழிகாட்டி அனுப்பியிருந்தது. கடைசியாக வந்தவன் ரெமிஜியுஸ்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டியா?" என்று தன் மணிக்கட்டைப் பார்த்துக் கத்தினான்.

"கேட்டிருந்தால் அது பசி அல்ல தோழரே, உபவாசம்" என்றது தேவைமானி. "உங்கள் தங்கைக்குத் தேவைப்பட்டது ஏழைகள்."

செலஸ்தீனா சிலுவை போட்டுக்கொண்டாள். ஐயோ ஆண்டவரே, இதையா கேட்டேன்? ஆனால் பசித்து நிற்பவர்களிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? இலை போட்டாள்.

இந்தச் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று ரெமிஜியுஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாம்பார் மணம் வந்ததும் உட்கார்ந்துவிட்டான். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். எழுந்தபோது, யாருக்கும் தலைவணங்காத அந்த மனிதன் தங்கையைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நல்லாருப்ப தாயி" என்றான். என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரியவில்லை.

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிள்ளை பிழைத்த அன்றுகூட இப்படி ஒரு சுகம் கண்டதில்லை. அடுத்த கணம் அதை நினைத்து வெட்கத்தில் கூசிப்போனாள்.

"போதும்! எனக்காக இனி ஒருத்தரையும் பட்டினி போடாத!" என்று மணிக்கட்டிடம் அழுதாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

தேவைமானி அவள் மனத்தை அளந்தது.

"அடுத்த செவ்வாய்க்கு இருபத்தாறு பேர்" என்றது.