ஆளில்லாமல் நகர்ந்த கார்

அன்று காலை பனிமூட்டம் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. கூரையில் தொங்கிய விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அது தொங்கிய கம்பி தெரியவில்லை.

விளக்கின் கீழே ஒரு நீலக் கார் நின்றது. அதன் பின்பக்க பம்பர் குழிந்து தொங்கியது. பக்கத்தில் பள்ளி வேன். அதற்கு முன்பக்க பம்பரில் அடி.

வண்டிப் பட்டறை நடத்தும் அம்மாவுக்கு ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு. எங்கே திருகாணி விழுந்தாலும் தேடி எடுத்துவிடுவாள் என்பதால், அவளுக்குத் திருகாணி என்றே பெயர் வந்துவிட்டது.

"நான் நிப்பாட்டித்தான் இருந்தேன்" என்றார் வேன் ஓட்டும் மாமா. "மேட்டு ரோட்டுல ஒண்ணும் தெரியலைன்னு ஓரமா நின்னேன். இந்தக் கார் மேலேயிருந்து பின்னாடியே நகர்ந்து வந்துச்சு. உள்ளே யாருமே இல்லை."

"அப்போ பேய் ஓட்டுச்சாக்கும்" என்றார் காரின் சொந்தக்காரர். "நான் ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் கடைக்குள்ள போனேன். இவர் நாற்பதுல வந்து இடிச்சிருக்கார். பிள்ளைங்களை ஏத்துற ஆளு இவர்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுதிக் கொடுப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு வேலை உண்டா இல்லையா என்று பள்ளியில் முடிவு செய்வார்கள்.

அம்மா டார்ச் எடுக்க உள்ளே போனார். பெரியவர்கள் இருவரும் வாசலில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். திருகாணி மட்டும் காரின் அருகில் இருந்தாள்.

டக்.

நாக்கைத் தட்டியது போல ஒரு சத்தம். காருக்குள்ளிருந்துதான் வந்தது. எட்டிப் பார்த்தாள். இருக்கை காலி. ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம்தான் வெளிறித் தெரிந்தது.

டக்.

ஜன்னலின் ஓரச் சட்டம் மெல்ல நகர்ந்து வந்து அந்த முகத்தை மறைத்தது. அவள் அசையவே இல்லை.

காரின் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். இல்லை. நான்கடி விலகி நின்றுகொண்டாள்.

"அம்மா, கார் தானா நடக்குது."

அம்மா ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். கழுவிய தண்ணீர் வடிவதற்காகப் பட்டறைத் தரை பின்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். அவர் ஹேண்ட் பிரேக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"பல் தேஞ்சுபோச்சு. பிடிக்கிற மாதிரி பிடிச்சு, ஒவ்வொரு பல்லா நழுவுது."

"இங்கே நழுவுது, சரி" என்றார் சொந்தக்காரர். "அங்கே இவர் வேகமா வரலைன்னு எப்படிச் சொல்றது?"

நியாயமான கேள்விதான். திருகாணி அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அளந்தாள். முதலில் காரின் குழி. பிறகு வேனில் பட்ட அடி.

"வேன்ல திடீர்னு பிரேக் போட்டா நாங்க எல்லாரும் முன்னாடி சரிவோம். வேனோட மூக்கும் தாழும், இல்லையாம்மா?"

"ஆமா."

"அப்போ கார்ல அடி இன்னும் கீழே பட்டிருக்கணும். ரெண்டும் ஒரே உயரமா இருக்கே."

"பிரேக்கே போடாம வந்திருந்தா?" என்றார் சொந்தக்காரர்.

திருகாணி மூலையில் நின்ற சாம்பல் நிறக் காரைக் காட்டினாள். அதன் டிக்கி பின் இருக்கை வரை மடங்கிக் கிடந்தது. "அது அப்படி அடி வாங்கின கார்."

அம்மா நீலக் காரின் அடியில் டார்ச் அடித்தார். பம்பருக்குப் பின்னாலிருந்த இரும்புச் சட்டம் வளையவில்லை. விளக்குகளில் ஒரு கீறல்கூட இல்லை.

"மனுஷன் நடக்கிற வேகம். அதுக்கு மேல இல்லை" என்று சொல்லி, அதையே எழுதினார்.

சொந்தக்காரர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைங்க நடந்து போற ரோடு அது" என்றார் மெதுவாக.

"மாமா வேன் நின்னதாலதான் கார் நின்னுச்சு" என்றாள் திருகாணி. "இல்லைன்னா கீழே வரைக்கும் போயிருக்கும்."

அவர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு எப்படிப் போவீங்க? ஏறுங்க சார், நான் விட்டுடுறேன்" என்றார் மாமா.

முன்னால் உட்காரக் கூச்சப்பட்டு, அவர் சின்னப் பிள்ளைகளின் இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்தார். வேன் மெதுவாகப் பனிக்குள் போனது.