இரண்டு விரல் தாழ்ந்த படகு

பயணத்தின் மூன்றாம் நாள் காலை, கயாக் என்கிற ஒற்றையாள் படகை ஏரியில் தள்ளி ஏறி உட்கார்ந்ததும் இளஞ்செழியனுக்கு உறுத்தியது ஒன்றுதான். படகின் மூக்கு இரண்டு விரல் கூடுதலாக அமிழ்ந்திருந்தது.

சங்கராபுரத்தில் மளிகை மண்டி வைத்திருப்பவன் அவன். மூட்டையைப் பார்த்தே எடை சொல்லிவிட்டு, எதிராளி தராசைத் தேடுவதற்குள் பேரத்தை முடித்துவிடுகிற ஆள். அரிசி, தண்ணீர், அடுப்பு, கூடாரம் அத்தனையையும் கடைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்றியிருந்தான். இரண்டு நாள் தின்று தீர்த்த பிறகு படகு உயர்ந்திருக்க வேண்டும். தின்னத் தின்ன எடை கூடுகிற அரிசி இருந்தால் அவன் அப்பாவே முதலில் வாங்கிப் பதுக்கியிருப்பார்.

நேற்றுச் சாயங்காலம் கல்வராயன் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டபோது, வலை காயவைத்துக்கொண்டிருந்த இருசம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. அங்கே பரிசல்கள் எல்லாம் கவிழ்த்தே கிடந்தன.

"ராவுக்குப் படகக் கவுத்துப் போட்டுடுங்க. நிமுத்தி வெச்சா, வா வந்து ஏறுன்னு கூப்புடுற மாதிரி."

"கவுத்தா சாமான் பூரா எறக்கணுமேம்மா. காலைல யாரு ஏத்துறது, நீயா?"

"நான் ஏத்த மாட்டேங்க. ஏறுறவங்க தானா ஏறிக்குவாங்க."

மைத்துனன் ஜீவா சிரித்தான். சிரித்தாலும் தன் படகைக் காலி செய்து கவிழ்த்துவிட்டான். இளஞ்செழியன் அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தான்.

இப்போது பனி இறங்கி மலையை முழுங்கியிருந்தது. நனைந்த துணியை நாள் கணக்கில் மூட்டை கட்டி வைத்த மாதிரி ஒரு வாடை தண்ணீரிலிருந்து எழுந்து, துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் கூடவே வந்தது. எதிர்க்கரையில் மனைவி ராதிகா காருடன் காத்திருப்பாள். அவள் தன் தம்பி ஜீவாவை அனுப்பும்போதே சொல்லியிருந்தாள்: "மெதக்குற சட்ட போட்டிருந்தாலும் தண்ணில வுழுந்தா அவன் பயத்துலயே போயிடுவான். கரையில கொண்டாந்து வுடறது ஒங்க பொறுப்பு."

"இன்னா மாமா, ஓட்டையா?" பக்கத்துப் படகிலிருந்து ஜீவா கேட்டான்.

இளஞ்செழியன் உள்ளே கையை விட்டுத் துழாவினான். "ஈரமே இல்லடா."

காய்ந்துதான் இருந்தது. ஆனால் மூடிய முன்பக்கத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத இருட்டில் நீண்டிருந்த அவன் கால்களுக்கு வேறொன்று தெரிந்தது. துடுப்பு போடும்போது பாதம் ஊன்றுகிற மிதிகட்டை மெத்தென்றிருந்தது. அழுத்தினான். அது திருப்பி அழுத்தியது.

குளிர்ச்சி. ஒரு குதிகால். ஐந்து விரல்கள்.

அவன் பாதத்தோடு இன்னொரு பாதம், அளவு பார்ப்பதுபோல் ஒட்டியிருந்தது.

தண்ணீர் படகின் விளிம்பைத் தொட்டது. "கரைக்கு எவ்ளோ நேரம்டா?" ஜீவாவைக் கேட்டான்.

"பத்து நிமிசம் ஆவும். பாதிச் சாமான எங்கிட்ட குடு மாமா. எனக்குத்தான் கம்மியா இருக்குதே."

ஜீவா படகைச் சேர்த்து அணைத்தான். அரிசிப் பை மாறியது. படகு எழும்பவில்லை. கூடாரம் மாறியது. எழும்பவில்லை. கடைசியாக அடுப்பு. ஜீவாவின் கை நீண்டது. அந்த நேரத்தில் பாதத்திலிருந்த குளிர்ச்சி மெதுவாக விலகியது. கணுக்காலை உரசியது. முழங்காலை உரசியது. மடியைத் தாண்டிப் போயிற்று.

படகு சட்டென்று மேலே வந்தது. லேசாக. காலியாக.

போனது அடுப்பு மட்டுமல்ல என்று அவனுக்குத் தெரியும். எடை தெரிந்தவன். ஜீவாவின் படகு விளிம்பில் அவன் கை இன்னும் இருந்தது. திருப்பிக் குடுடா என்று இரண்டு வார்த்தை போதும்.

கையை எடுத்துவிட்டான்.

துடுப்பு போட்டான். வேகமாக. இன்னும் வேகமாக. பனிக்கு அப்பால் ராதிகாவின் குரல் கேட்டது. தம்பி பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"மாமா." பின்னாலிருந்து ஜீவா. மெல்லிய குரலில். "கால் நீட்ட எடமில்ல மாமா."

திரும்பினான்.

படகின் வாய்க்குள் ஜீவாவின் நீலக் கால்சட்டை முழங்கால்கள் இரண்டு. அவற்றை இருபுறமும் கவ்வியபடி, வெற்றுத்தோலாக, வண்டல் நிறத்தில், இன்னும் இரண்டு முழங்கால்கள்.

ஜீவா குனிந்து பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டல் நிற முழங்கால்கள் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தன.