இஸ்திரிக்கடை என்றொரு வாசகர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு வேலை இருந்தது. அப்பாவின் இஸ்திரிக்கடையில் நான்தான் ரேடியோ.

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு ஓடிவிடுவேன். அப்பா சட்டை தேய்ப்பார். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, தேய்த்ததை மடித்து அடுக்குவார். அறுந்த பொத்தான்களைத் தைக்க ஓர் அக்கா இருந்தார். அவரை எல்லோரும் பட்டனக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூன்று பேருக்கும் கை ஓயாது. அதனால், இணையத்தில் தினமும் ஐந்து மணிக்கு வரும் 'பூட்டிய மாடி' தொடர்கதையை அப்பாவின் செல்பேசியில் பார்த்து நான் உரக்கப் படிக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டி விடும் 'புஸ்' சத்தத்தையும் தாண்டிக் குரல் கேட்க வேண்டும்!

இன்றைக்கும் சூடான பருத்தித் துணியின் வாசம் பட்டால் போதும், அந்த மூன்று பேரின் சண்டை என் காதில் கேட்கும். எவ்வளவு நல்ல சண்டை அது!

"மறுபடியும் மயங்கி விழுந்துட்டாளா அந்தப் பொண்ணு?" என்பார் அத்தை. "ஒரு வேளையாவது அவளுக்குச் சோறு போடுங்கப்பா!"

"சும்மா இருங்கக்கா. அவ மனசு என்ன பாடு படுதோ" என்பார் பட்டனக்கா.

"அந்த டாக்டர் முழியே சரியில்ல. மாடிச் சாவியை எடுத்தவன் அவன்தான்" என்பார் அப்பா.

"கதையில வர்ற ஆளோட முழிய நீ எங்கடா பார்த்த?"

கடைசியில் மூன்று பேரும் என் பக்கம் திரும்புவார்கள். "எழுது ரேடியோ!"

கதைக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுதலாம். யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே தட்டிவிடுவேன். அப்பா கடையின் பெயரிலேயே கணக்குத் தொடங்கியிருந்தார். எனவே எல்லாக் கருத்தும் 'இஸ்திரிக்கடை' என்ற ஒரே பெயரில்தான் போகும். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தோம்.

ஒரு வியாழக்கிழமை கதை வரவில்லை. எழுத்தாளரின் அறிவிப்புதான் வந்திருந்தது. நான் படித்தேன்.

"வாசகர்களுக்கு வணக்கம். 'பூட்டிய மாடி'யை இத்துடன் நிறுத்துகிறேன். இஸ்திரிக்கடை என்ற வாசகர் நாற்பது பகுதிகளையும் தவறாமல் படித்தவர். நாயகி அழுதாலும் அவர் திட்டுகிறார், சிரித்தாலும் திட்டுகிறார். டாக்டரைக் கதையைவிட்டுத் தூக்கச் சொன்னார். கடலில் தள்ளினேன். மறுநாளே, 'ஈவு இரக்கம் இல்லையா, ஏன் கொன்றீர்கள்?' என்று கேட்கிறார். விடாமல் படித்த ஒருவருக்கே எதுவும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் எனக்கு எழுதத் தெரியவில்லை என்றுதானே பொருள்?"

அப்பா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"யாரு அந்த ஆளு, நம்ம கடை பேரை வச்சுக்கிட்டு?" என்று அத்தை சீறினார்.

"நாமதான் அத்தை" என்றேன்.

"நீங்கதானே டாக்டரைத் தூக்கச் சொன்னீங்க?" என்று பட்டனக்கா அப்பாவைப் பார்த்தார்.

"ஈவு இரக்கம்னு கேட்டது யாரு?" என்று திருப்பிக் கேட்டார் அப்பா.

"நல்லா இருக்குன்னு ஒரு தடவைகூடவா நாம எழுதல?" என்றார் அத்தை.

நாற்பது பகுதிகளுக்கும் நாங்கள் எழுதிய கருத்துகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. "நல்லா இருக்குறப்ப யாரும் பேச மாட்டீங்களே அத்தை. 'ம், மேல படி'ன்னுதான் சொல்வீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதை நின்றுபோனால் ஐந்து மணிக்கு எங்களுக்கு என்ன இருக்கிறது? அதைவிட, எழுதத் தெரியவில்லை என்று ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து வருத்தப்படுகிறார். அந்தத் திட்டையெல்லாம் தட்டியது என் விரல்தான்.

"மன்னிச்சிடுங்கன்னு எழுதிடு" என்றார் அப்பா.

அது போதாது என்று எனக்குப் பட்டது. முதல்முறையாக, யாரும் சொல்லாமல் நானே எழுதினேன்.

"வணக்கம். இஸ்திரிக்கடை ஓர் ஆள் இல்லை. மூன்று பேர் சொல்கிறார்கள், நான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. அத்தை நாயகியைத் திட்டுவார். ஆனால் கடை மூடும்வரை, 'அந்தப் பொண்ணு சாப்பிட்டிருப்பாளா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவளுடைய அம்மாவின் கடிதம் வந்த அன்று அப்பா ஒரு வெள்ளைச் சட்டைக் காலரைக் கருக்கிவிட்டார். சட்டைக்காரரிடம் காரணத்தைச் சொன்னார். இப்போது அவரும் ஐந்து மணிக்குக் கதை கேட்க வருகிறார். டாக்டர் கடலில் விழுந்த அன்று பட்டனக்கா கண்ணீரோடு கறுப்புச் சட்டையில் சிவப்புப் பொத்தான் தைத்துவிட்டார். இதையெல்லாம் யாரும் எழுதச் சொல்லவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. தப்புதான். உங்களுக்கு நன்றாக எழுதத் தெரியும்."

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனி, ஞாயிறும் இல்லை. சண்டை போட ஆள் இருந்தும் விஷயம் இல்லாமல் கடை உம்மென்று கிடந்தது.

திங்கள் ஐந்து மணிக்குச் செல்பேசி 'டிங்' என்றது. நாற்பத்தோராம் பகுதி!

"படி, படி!" என்று மூன்று பேரும் கத்தினார்கள். நான் படித்தேன். நாயகி எழுந்தாள், முகம் கழுவினாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

"அப்பாடா!" என்றார் அத்தை. அடுத்த நொடியே, "என்ன சாப்பிட்டான்னு போடலையே!" என்றார்.

கதைக்குக் கீழே எழுத்தாளர் இரண்டு வரி எழுதியிருந்தார். "இஸ்திரிக்கடையில் படிக்கும் குழந்தைக்கு: தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் பக்கம் இத்தனை பேர் இருப்பது தெரியாமல் போய்விட்டது."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆவி பட்டுடுச்சு" என்றார். யாரும் நம்பவில்லை.

பிறகு, "எழுது ரேடியோ!" என்று ஆரம்பித்தார்கள். அன்று ஒவ்வொரு கருத்துக்கும் கீழே சொன்னவர் யார் என்று போட்டேன். மொத்தம் நான்கு. அதில் மூன்று திட்டு. நான்காவது என்னுடையது.